நீலக் குழந்தைகளின் டாக்டரம்மா

நினைவு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். மெஸ் சாம்பாரையும் ஹாஸ்டல் கலாட்டாவையும் எழுத நம்ம செட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிட்டேன். குழந்தை மருத்துவத்தில் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பிளேலாக்-டாஸிக் ஷன்ட் என்று ஒப்பிக்காமல் நம்மில் யாரும் பைனல் இயர் தாண்டியிருக்க முடியாது. அந்தப் பெயரில் இரண்டாவதாக வரும் டாஸிக் ஒரு பெண் என்பதே பலருக்குத் தெரியாது. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்காவது தெரியட்டுமே.

ஹெலன் டாஸிக் அம்மையார் 1898 மே 24 அன்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். அப்பா ஃபிராங்க் டாஸிக் ஹார்வர்டில் பேர்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் 11 வயதில் அம்மா காசநோயில் போய்ச் சேர்ந்தார். பெண்ணுக்கோ படிப்பு ஏறவில்லை. மக்கு என்று பள்ளிக்கூடத்தில் முடிவு கட்டாத குறைதான். எழுத்துகள் கண்ணில் குழம்புகிற டிஸ்லெக்ஸியா அது. அந்தக் காலத்தில் அதற்குப் பேர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்பாதான் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துக் கரையேற்றினார். ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்து, பிறகு கலிஃபோர்னியா போய், 1921-ல் பெர்க்லியில் பட்டம் வாங்கினார்.

அடுத்து மருத்துவம் என்று கிளம்பினால், சொந்த ஊர் ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூலில் பெண்களுக்கு இடமே கிடையாது. பக்கத்திலேயே இருந்த பொது சுகாதாரப் பள்ளியில் பெண்கள் பாடம் கேட்கலாம், ஆனால் பட்டம் தரமாட்டார்களாம்! ஹிஸ்டாலஜி வகுப்பில் தனி மாணவியாக உட்கார அனுமதித்தார்கள். ஒரு மூலையில் ஆண்களோடு பேசாமல் உட்கார்ந்து, ஸ்லைடுகளைத் தனி அறையில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்த இடத்தில் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூலுக்குப் பெண்களைச் சேர்க்கிற புத்தி 1945-ல்தான் வந்தது. கணக்குப் போட்டால் 70 வருஷம்!

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அனாடமி படிக்கப் போனவரின் கையில் அங்கிருந்த பேராசிரியர் பெக் ஒரு மாட்டு இதயத்தைக் கொடுத்து ஆராயச் சொன்னார். இதயத்தோடு அவருக்கு ஏற்பட்ட உறவு அதுதான். இங்கேயே கிடந்தால் காரியம் ஆகாது, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போ என்று வழிகாட்டியவரும் அவரே. ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஸ்கூல் 1893-ல் தொடங்கும்போது பணம் தட்டுப்பட்டது. மேரி காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி பெரும் தொகையைக் கொடுத்து, ஆண்களைப் போலவே பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டார். அந்தப் புண்ணியவதி திறந்த கதவு வழியாக நுழைந்தவர்தான் நம் டாஸிக். 1927-ல் எம்.டி. பொது மருத்துவத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசைப்பட்டார். பெண்களில் ஒருவருக்குத்தான் இடம். அது வேறொருவருக்குப் போயிற்று. அதனால் குழந்தைகள் பக்கம் வந்தார். நமக்கு நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன்.

அங்கே குழந்தை மருத்துவத் தலைவர் எட்வர்ட்ஸ் பார்க். 1930-ல் ஹாரியட் லேன் ஹோம் என்ற குழந்தைகள் மருத்துவமனையில் இதய நோய் கிளினிக்கை டாஸிக்கின் பொறுப்பில் விட்டார். அந்த கிளினிக்கில் பெரும்பாலும் ருமாட்டிக் ஃபீவர் கேஸ்கள்தான். நம்ம ஊர் ஓ.பி.யில் நம்மில் எத்தனையோ பேர் பார்த்த அதே வியாதி. பிறவி இதயக் கோளாறுகளையும் கவனியுங்கள் என்று பார்க் சொன்னபோது, அம்மையாருக்கு முதலில் உற்சாகம் இல்லை. கண்டுபிடித்து என்ன செய்ய? வைத்தியம் கிடையாதே!

இதே காலத்தில்தான் அவர் காது மந்தமாகத் தொடங்கியது. இதய நோய் நிபுணருக்குக் காது போவதென்றால், பாடகனுக்குத் தொண்டை போவது மாதிரி. ஒலியைப் பெருக்கும் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக்கொண்டார், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையை நம்பினார். குழந்தையின் மார்பில் விரல் நுனிகளை வைத்துத் துடிப்பையும் த்ரில்லையும் படித்தார். ஃப்ளூரோஸ்கோப் திரையில் ஒவ்வொரு குழந்தையையும் பல கோணங்களில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈ.சி.ஜி.யையும் உடல் பரிசோதனையையும் அதோடு சேர்த்தார். குழந்தை இறந்துபோனால் போஸ்ட்மார்ட்டத்தில் இதயத்தை நேரில் பார்த்து, தாம் நினைத்தது சரியா என்று ஒப்பிட்டார். எக்கோ என்ற சொல்லே இல்லாத நாளில், உயிரோடிருக்கும் குழந்தையின் இதயத்துக்குள் எந்தச் சுவரில் ஓட்டை, எந்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அசுர உழைப்பு.

நீலக் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உதடும் நகமும் நாவல்பழ நிறத்தில் இருக்கும். நாலடி நடந்தால் குந்தி உட்கார்ந்துவிடும். 1888-ல் ஃபேலட் விவரித்த அந்த நாலு கோளாறுகள் நமக்கெல்லாம் மனப்பாடம். நுரையீரலுக்குப் போகிற குழாய் குறுகியிருப்பதால் ரத்தம் அங்கே போதுமான அளவு போகாது. அதனால் ஆக்ஸிஜன் ஏறாது. டாஸிக் கவனித்தது இதுதான். பிறந்த உடனே சில குழந்தைகள் சுமாராக இருக்கின்றன. கொஞ்ச நாளில் திடீரென்று நீலம் பாய்ந்து இறந்துபோகின்றன. டக்டஸ் திறந்திருக்கும் வரை மகாதமனியிலிருந்து கொஞ்சம் ரத்தம் அந்த வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அது மூடினதும் கதை முடிகிறது. அப்படியானால் மூடிய டக்டஸுக்குப் பதில் நாமே ஒன்று கட்டிக் கொடுத்தால் என்ன?

1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் திறந்தே கிடந்த ஒரு டக்டஸை ஆபரேஷன் செய்து மூடிக் காட்டியிருந்தார். அம்மையார் அவரிடமே போய், மூடத் தெரிந்த உங்களுக்குப் புதிதாக ஒன்று போடவும் முடியுமே என்று கேட்டுப் பார்த்தார். மூடுவதில் பெயர் வாங்கியவருக்குத் திறப்பதில் அக்கறை இல்லை. வெறுங்கையோடு திரும்பினார்.

1941-ல் ஆல்ஃபிரட் பிளேலாக் ஹாப்கின்ஸுக்கு அறுவை சிகிச்சைத் தலைவராக வந்தார். கூடவே வந்தவர் விவியன் தாமஸ். இந்த மனிதரைப் பற்றி நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். 1910-ல் பிறந்த கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர். டாக்டர் ஆக வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பொருளாதார மந்தத்தில் பேங்க் திவாலாகி அம்போ என்று போனது. 1930-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் லேபில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர். செய்தது ஆராய்ச்சியாளர் வேலை. காலேஜ் பட்டம் வாங்காதவர் ரத்தக் குழாய்களை ஒட்டுத் தையல் போடுவதில் பிளேலாக்கையே மிஞ்சினார். நுரையீரலில் ரத்த அழுத்தத்தை உயர்த்திப் பார்க்க இருவரும் நாய்களுக்குக் கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்திருந்தார்கள். எதிர்பார்த்தபடி அழுத்தம் ஏறவில்லை. தோற்றுப்போன அந்தப் பரிசோதனைதான் டாஸிக் தேடிக்கொண்டிருந்த வழி.

தாமஸ் வேலையைத் தொடங்கினார். முதலில் நாய்க்கு நீலக் குழந்தையின் நிலையை உண்டாக்க வேண்டும், பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். ஏறக்குறைய 200 நாய்கள். 1944 நவம்பர் 29 அன்று 15 மாதப் பெண் குழந்தை ஒன்றை மேஜையில் கிடத்தினார்கள். எடை சுமார் நாலு கிலோதான். இந்தக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்று மூத்த மயக்க மருந்து நிபுணர் ஒதுங்கிக்கொள்ள, இளையவர் ஒருவர் துணிந்து நின்றார். கத்தி பிடித்தவர் பிளேலாக். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, தையல் இந்தப் பக்கம், ஊசி அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ். அந்த ஆபரேஷனை அதிகம் செய்து பழகிய கை அவருடையதுதானே! டாஸிக் குழந்தையின் தலைப்பக்கம் நின்றார். குழந்தை பிழைத்தது, நிறம் மெல்ல மாறியது, இரண்டு மாதத்தில் வீட்டுக்குப் போனது. ஆனால் சில மாதங்களில் நீலம் திரும்பியது. பாவம், இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு அது பிழைக்கவில்லை. மூன்றாவது நோயாளி ஆறு வயதுப் பையன். கிளாம்ப்பை எடுத்ததும் மேஜையிலேயே அவன் உதடு சிவந்ததைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. 1945 மே மாதம் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் கட்டுரை வந்தது. உலகமெங்குமிருந்து பெற்றோர் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள்.

அந்தக் கட்டுரையில் பிளேலாக் பெயரும் டாஸிக் பெயரும் இருந்தன. தாமஸ் பெயர் எங்கேயும் இல்லை. அவர் பிளேலாக் வீட்டு விருந்துகளில் கிளாஸ் நிரப்பிக் கூடுதல் காசு சம்பாதித்துக் கொண்டிருந்தார். பிளேலாக் பெரிய மனிதர்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹாப்கின்ஸ் தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976-ல். 2004-ல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. இன்று பல இடங்களில் பிளேலாக்-தாமஸ்-டாஸிக் ஷன்ட் என்றே எழுதுகிறார்கள். மாணவர்கள் தேர்விலும் அப்படியே எழுதுங்கள்.

டாஸிக்குக்கும் கௌரவம் நத்தை வேகத்தில்தான் வந்தது. பிளேலாக்கை 1945-லேயே தேசிய அறிவியல் அகாடமியில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மையாருக்கு 1973 வரை காத்திருப்பு. 1947-ல் அவர் எழுதிய பிறவி இதயக் கோளாறுகள் பற்றிய நூல் அந்தத் துறைக்கே அடித்தளம். அப்படியிருந்தும் முழுப் பேராசிரியர் ஆனது 1959-ல், அறுபது வயது தாண்டிய பிறகு. அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் டாஸிக்கின் விசுவாச வீரர்கள் என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துக்கொண்டு, பல நாடுகளிலும் போய்க் குழந்தை இதய மருத்துவத்தை வளர்த்தார்கள்.

அந்த வீரர்களில் ஒருவரான ஜெர்மானிய டாக்டர் பாய்ரன் 1962 தொடக்கத்தில் அவரைப் பார்க்க வந்தபோது, தம் நாட்டில் கை கால் இல்லாத குழந்தைகள் நிறையப் பிறப்பதாகவும், கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற தூக்க மருந்தின் மேல் சந்தேகம் என்றும் சொன்னார். 63 வயது அம்மையார் சில நாட்களில் ஜெர்மனிக்குப் புறப்பட்டுவிட்டார். மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கிக் குழந்தைகளைப் பார்த்தார், டாக்டர்களை விசாரித்தார். திரும்பி வந்து கூட்டங்களில் பேசினார், கட்டுரை எழுதினார், அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற மற்றொரு டாக்டரம்மா ஏற்கனவே அந்த மருந்துக்கு அனுமதி தராமல் பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தார். 1962 அக்டோபரில் மருந்துகளின் பயனையும் பாதுகாப்பையும் நிரூபிக்கச் சொல்லும் கடுமையான சட்டம் வந்தது.

1963-ல் ஓய்வு. 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் கையால் சுதந்திரப் பதக்கம். 1965-ல் அமெரிக்க இதய சங்கத்துக்கு முதல் பெண் தலைவர். ஓய்வு பெறும் நேரத்தில் சிஷ்யர்கள் ஜேமி வையத் என்ற இளம் ஓவியரைக் கொண்டு படம் வரைந்து கொடுத்தார்கள். ஓவியர் அவரை அழகுபடுத்தவில்லை, உள்ளது உள்ளபடி தீட்டிவிட்டார். பார்த்தவர்கள் அதிர்ந்துபோய், படம் வெகுகாலம் வெளிச்சத்துக்கே வரவில்லை. பாராட்டு விழாப் படங்களில் எல்லோரையும் இருபது வயது குறைத்துப் பார்த்தே பழகிவிட்டோம், வேறென்ன!

இன்று ஃபேலட் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஆபரேஷனில் முழுவதையும் சரிசெய்து விடுகிறார்கள். 1954-ல் மின்னசோட்டாவில் லில்லிஹாய் தொடங்கி வைத்த வழி அது. ஆனாலும் முழு ஆபரேஷனுக்குத் தாங்காத குழந்தைகளுக்கு அவகாசம் வாங்கித் தருவது இன்றும் அந்தப் பழைய ஷன்ட்டின் புது வடிவம்தான். நடுவில் ஒரு செயற்கைக் குழாய் வைக்கிறார்கள்.

அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பது தாண்டியும் பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு, பறவைகளின் இதயத்தில் பிறவிக் கோளாறு வருகிறதா என்று வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1986 மே மாதம், 88-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடத் தம்மோடு சிலரைக் காரில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார். வழியில் வேறொரு வண்டி மோதி இறந்தார். உடலை ஹாப்கின்ஸ் மாணவர்களின் படிப்புக்கே எழுதி வைத்திருந்தார்.