கொள்ளைக் கப்பலில் ஓர் இயற்கை ஆராய்ச்சியாளர்

நம் பிச்சாட்டூர் வழியே ஓடும் ஆரணியாறு பழவேற்காட்டருகே கடலை அடைகின்றது. அதற்குத் தெற்கே சென்னைக் கோட்டை. 1690-ஆம் ஆண்டில் அக்கோட்டைக்கு வந்து ஏறக்குறைய ஐந்து திங்கள் தங்கியிருந்த வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேயரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

டாம்பியர் 1651-இல் இங்கிலாந்தில் ஈஸ்ட் கோக்கர் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாலுமியானார். பின்னர் மெக்சிகோ நாட்டுக் கரையில் சாயமரம் வெட்டிப் பிழைத்தார். 1676-இல் வீசிய பெரும்புயல் அவ்வுழைப்பின் பயனை அழித்தது. வறுமை அவரைக் கடற்கொள்ளையர் கூட்டத்தில் சேர்த்தது.

எனினும் தோழர்கள் பொன்னைத் தேட, அவர் புள்ளையும் மீனையும் மரத்தையும் காற்றையும் நோக்கினார்; கண்டவற்றை நாள்தோறும் எழுதினார். 1681-இல் பனாமாக் காடுகளை நடந்து கடந்தபோது, தம் குறிப்புகளை மூங்கிற்குழலில் இட்டு, இருபுறமும் மெழுகால் அடைத்து, ஆற்று வெள்ளத்தினின்றும் காத்தார். 1686-இல் குவாம் தீவில் ஈரப்பலாவைக் கண்டு வருணித்தார். 1688-இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையை மிதித்தார். அவ்வாண்டே கொள்ளையரைப் பிரிந்து, நிக்கோபாரிலிருந்து சிறு தோணியில் புயலிடையே அச்சின் துறையை அடைந்தார்.

கடலிலிருந்து காணும் சென்னைக் கோட்டையின் எழில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆயின் அவர் வாழ்வின் பெருங்கறையும் இங்கேயே தொடங்கிற்று. உடலெங்கும் பச்சை குத்திய ஜியோலி என்னும் தீவினனை விலைக்கு வாங்கிய வணிகர் ஒருவரை இங்கே சந்தித்தார். பின்னர் சுமத்திராவின் பென்கூலன் கோட்டையில் பீரங்கிப் பணியாற்றுங்கால் அவ்வடிமையில் பாதிப் பங்கு அவருக்குக் கிட்டியது. 1691-இல் ஜியோலியுடன் லண்டன் சேர்ந்தார். கையில் பொருளின்மையால் தம் பங்கை விற்றார். காட்சிப் பொருளாக்கப்பட்ட ஜியோலி ஆக்ஸ்போர்டில் அம்மை நோயால் மாண்டான். ஓர் இலையின் நரம்பையும் கூர்ந்து நோக்கிய கண், உடனிருந்த மனிதனின் துயரைக் கண்டும் அவனை விற்கத் துணிந்ததே!

1697-இல் வெளிவந்த அவருடைய பயண நூல் பெரும்புகழ் ஈட்டியது. 1699-இல் அரசு அவருக்கு ரோபக் என்னும் கப்பலை அளித்தது. அப்பயணத்தில் ஆஸ்திரேலியச் செடிகளை உலர்த்திச் சேகரித்தார். 1701-இல் கப்பல் அசென்ஷன் தீவருகே மூழ்கியபோதும் அச்செடிகள் தப்பின; இன்றும் ஆக்ஸ்போர்டில் உள்ளன. ஆனால் தம் கீழ் அதிகாரியைக் கொடுமைப்படுத்தியதற்காக 1702-இல் இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. நல்ல நோக்கர், நல்ல தலைவராக விளங்கவில்லை.

1711-இல் மூன்றாம் முறையாக உலகைச் சுற்றி முடித்தார். அப்பயணத்தில்தான், ஆளற்ற தீவில் நான்காண்டுகட்கு மேல் தனித்திருந்த செல்கிர்க் 1709-இல் மீட்கப்பட்டான். 1715-இல் டாம்பியர் லண்டனில் மறைந்தார். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய அவர் நூல் பிற்கால மாலுமிகளுக்கு வழிகாட்டிற்று. டார்வினும் அவர் நூல்களைப் பயன்படுத்தினார்.

நாள்தோறும் பேரேடு எழுதும் என்போன்ற குமாஸ்தாவுக்கு அம்மூங்கிற்குழல் மறக்கவொண்ணாதது. கொள்ளையடித்த பொன் கரைந்தது. எழுதிவைத்த ஏடு நின்றது. நம் காலனிச் சிறுவர் அவரிடமிருந்து நோக்கும் பழக்கத்தைக் கற்கட்டும். ஜியோலியின் முடிவிலிருந்து மனிதநேயத்தைக் கற்கட்டும். முன்னது மட்டும் போதாது.