பெருந்தகை பிலிப் சிட்னி

இங்கிலாந்தின் தென்கிழக்கே உள்ள கென்ட் பகுதியில், பென்ஸ்ஹர்ஸ்ட் என்னும் மாளிகையில், 1554ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் பிலிப் சிட்னி பிறந்தார். அந்நாளில் இங்கிலாந்து அரசியின் கணவராயிருந்த ஸ்பெயின் நாட்டு இளவரசர் பிலிப்பின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினர்.

தந்தையார் ஹென்றி சிட்னி, எலிசபெத்து அரசியாரின் சார்பில் அயர்லாந்தை ஆண்டவர். மைந்தனை அருகிருந்து வளர்க்க அவருக்கு ஓய்வில்லை. ஆதலின், ஷ்ரூஸ்பரிப் பள்ளியில் பயின்ற சிறுவனுக்கு மடல் வாயிலாக அறிவுரை வழங்கினார். எல்லாரிடத்தும் இன்முகத்துடன் பழகுமாறும், அவரவர் தகுதி அறிந்து மதிக்குமாறும் அதில் வற்புறுத்தினார். இன்சொல்லுக்கும் பணிவுக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. அவற்றால் வரும் ஊதியமோ பெரிது என்பது அவர் கருத்து. அப்போது சிட்னிக்கு வயது ஏறத்தாழ 11.

பின்னர் ஆக்ஸ்போர்டில் கற்றார். 1572 முதல் மூன்று ஆண்டுகள் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தார். 22 வயதிலேயே பேரரசர் ருடால்பின் அவைக்கு அரசியாரின் தூதராகச் சென்றார். அழகும் கல்வியும் குதிரையேற்றத் திறனும் ஒருங்கே அமைந்த அவ்விளைஞரைக் கண்டோர் வியந்தனர்.

ஆயினும் அவர் பிறவியிலேயே சாந்தமானவர் அல்லர். தந்தைக்குத் தாம் எழுதும் மடல்களைச் செயலாளர் எட்மண்டு மாலினோ பிரித்துப் படிக்கிறார் என்று 1578இல் ஐயுற்றார். உண்மையை ஆராயவும் பொறுக்கவில்லை. இனி அவ்வாறு செய்தால் குத்துவாளுக்கு இரையாக நேரும் என்று அவருக்கு எழுதிவிட்டார். தந்தையின் மடலை அந்தக் கணம் அவர் மறந்தார் என்றே கூற வேண்டும். மாலினோவோ, தாம் அத்தகைய குற்றம் செய்யவில்லை என்று அடக்கத்துடன் விடை எழுதினார்.

அடுத்த ஆண்டு வேறொரு சோதனை வந்தது. அரண்மனையின் டென்னிஸ் களத்தில் சிட்னி ஆடிக்கொண்டிருந்தபோது, ஆக்ஸ்போர்டுப் பிரபு அங்கு வந்து, களத்தை விட்டு அகலுமாறு கட்டளையிட்டார். பண்போடு கேட்டிருந்தால் இடம் தந்திருக்கக்கூடும். அதட்டலுக்கு அஞ்சி விலகுவதற்கில்லை என்று சிட்னி உரைத்தார். பிரபு அவரை நாய்க்குட்டி என்று இழித்தார். பிரெஞ்சுத் தூதுவர் பலர் பார்த்திருந்தனர். சிட்னி வாள் உருவவில்லை. மறுத்துரைத்துவிட்டு வெளியேறி, முறைப்படி தனிப்போருக்கு விடையை எதிர்பார்த்து நின்றார். அரசியார் அப்போரைத் தடுத்து, பிரபுக்களுக்குக் கீழ்ப்பட்டோர் அடங்கி நடத்தல் வேண்டும் என்றார். உயர்ந்த பதவி பிறருக்குத் தீங்கு செய்ய அளிக்கப்பட்ட உரிமை அன்று என்று சிட்னி பணிவுடன் மொழிந்தார். முடிமன்னர் முன் இவ்வாறு கூறுதல் அக்காலத்தில் எளிதன்று.

1580இல் அவர் அரசவையை விட்டு விலகி, வில்ட்டனில் தம் தங்கை மேரியின் இல்லத்தில் தங்கினார். தங்கையின் பொருட்டு ஆர்க்கேடியா என்னும் உரைநடைக் காவியத்தை இயற்றினார். கவிதையின் பெருமையை நிலைநாட்டும் நூலும் அவருடையதே. அவருடைய நூல்களுள் எதுவும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

1585இல் ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய டச்சு மக்களுக்கு இங்கிலாந்து துணை நின்றது. சிட்னி பிளஷிங் நகரின் ஆளுநரானார். எவருடைய பெயரைத் தாங்கினாரோ அவருடைய படையையே எதிர்க்க நேர்ந்தது! ஊதியமின்றி வாடிய வீரர்களுக்காக அவர் இங்கிலாந்துக்கு மடல்மேல் மடல் விடுத்தார்.

1586ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள். சுட்பென் நகரின் அருகே விடியலில் பனிமூட்டம் கவிந்திருந்தது. படைத்தலைவர் ஒருவர் தொடைக்கவசமின்றி வந்திருப்பதைக் கண்டு, அவரினும் மிகுந்த காப்புடன் போரிட நாணிய சிட்னி, தம் தொடைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார் என்பர். போரில் அவர் ஏறிய குதிரை வீழ்ந்தது. வேறொரு குதிரையில் ஏறிப் பாய்ந்தார். துப்பாக்கிக் குண்டு ஒன்று அவர் தொடை எலும்பைப் பிளந்தது.

குருதி பெருகியதால் நாவறண்டு தண்ணீர் கேட்டார். கொண்டுவந்த குடுவையை வாயருகே உயர்த்தினார். அவ்வேளையில் உயிர்போகும் நிலையிலிருந்த எளிய போர்வீரன் ஒருவனைச் சிலர் தூக்கிச் சென்றனர். அவன் விழிகள் அக்குடுவையின்மேல் பதிந்தன. சிட்னி ஒரு துளியும் பருகாமல், அவனுக்கே அது மிகுதியும் வேண்டும் என்று கூறிக் குடுவையை நீட்டினார். அவ்வீரனின் பெயர் எவருக்கும் தெரியாது. இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தவர் சிட்னியின் பள்ளித்தோழர் பல்க் கிரெவில். அவர் அன்று களத்தில் இல்லை; பிறர் சொல்லக் கேட்டே எழுதினார்.

ஆர்னெம் நகரில் 25 நாள்கள் சிட்னி துன்புற்றார். தம்மைக் காப்பாற்ற இயலாத மருத்துவர்களுக்கும் விருப்ப ஆவணத்தில் பரிசில் ஒதுக்கினார். அக்டோபர் 17ஆம் நாள் உயிர் நீத்தார். அவருக்கு 32 வயது நிரம்பவில்லை. 1587 பிப்ரவரியில் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் அடக்கம் நடந்தது.

அவ்வாண்டு வெளிவந்த ஹாலின்ஷெட்டு வரலாற்று நூலில் சிட்னியின் சிறப்பைப் போற்றி ஒரு பகுதி இடம்பெற்றது. அதனை எழுதியவர், முன்னர்க் குத்துவாளால் மிரட்டப்பெற்ற அதே மாலினோ.

கிரெவில் மேலும் 42 ஆண்டுகள் வாழ்ந்தார்; உயர்பதவிகள் பெற்று 1628இல் மறைந்தார். வார்விக் நகரில் உள்ள அவர் கல்லறையில், எலிசபெத்தின் பணியாளர், ஜேம்ஸ் மன்னரின் அமைச்சர் என்ற இரண்டையும் அடுத்து, பிலிப் சிட்னியின் நண்பர் என்பது பொறிக்கப்பட்டுள்ளது.