தாசில்தார் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் கதை எழுதியவர்

விக்ரோலியானாலும் சரி, தாராவியானாலும் சரி, நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு படிப்பகம் வைத்தால், அங்கே முதலில் அட்டை கிழிந்து போவது துப்பறியும் நாவல்கள்தான். ஷிப்டு முடிந்து வருகிறவர் அலமாரி முன்னால் நின்று, புதிதாக மர்மக் கதை ஏதும் வந்திருக்கிறதா என்றுதான் கேட்பார். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று கையில் கிடைத்ததை எடுத்துப் போவார். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்கிற கோத்ரெஜ் ஆலை உள்ள விக்ரோலியில் திருட்டுக் கதைக்கு மவுசு இருப்பதில் ஆச்சரியம் என்ன!

ஆனால் கமிட்டியில் உள்ள பெரியவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. சங்கத்துப் பணத்தில் இந்தக் குப்பைகளையா வாங்குவது என்று முகம் சுளிப்பார்கள். இந்த வழக்கு நேற்று வந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்போது கூண்டில் ஏற்றப்பட்டவர்களில் முக்கியமானவர் வடுவூர் கே.துரைசாமி அய்யங்கார். புதிய மர்ம நாவல் கேட்கும் வாசகர்களுக்கு இந்தப் பழைய மனிதரைத்தான் சிபாரிசு செய்யப் போகிறேன். படிக்காதவருக்கு இவர் புத்தகமும் புதுப் புத்தகந்தானே.

சர்க்கார் உத்தியோகம்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது வடுவூர். பெரிய ஏரி. கோதண்டராமர் கோயில். அந்தக் கோயிலில் ராமரின் அழகைப் பார்த்தவர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். அந்த ஊரில் 1880-ம் ஆண்டு பிறந்தவர் துரைசாமி அய்யங்கார். பி.ஏ. படித்துத் தாசில்தார் ஆனார்.

வெள்ளைக்காரன் காலத்துத் தாசில்தார் என்றால் சாதாரணமா? தாலுகாவே கைகட்டி நிற்கும். மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். மதிப்புக்கும் குறைவில்லை. அதை அவர் விட்டுவிட்டார். எழுதுவதற்காக! இன்றைக்கு நம்மில் ஒரு குமாஸ்தா, நாவல் எழுதப் போகிறேன் என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணியில் குடியேறினார். நாவல்களை வெளியிடுவதற்கென்றே 'மனோரஞ்சனி' என்ற பத்திரிகையை நடத்தினார். எழுதுவது, அச்சடிப்பது, விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. புகழ் பெற்ற நாவலாசிரியை வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுத வந்த புதிதில் அவருக்குத் துணை நின்றவரும் இவர்தான்.

உத்தியோகத்தை விட்டாரே தவிர, அது தந்த அனுபவத்தை விடவில்லை. கச்சேரியில் எந்தக் காகிதம் எங்கே போகும், பொய்ப் பத்திரம் எப்படித் தயாராகும், வக்கீல் எந்த இடத்தில் சாட்சியை மடக்குவார் என்பதெல்லாம் அவர் கதைகளில் வெகு இயல்பாக வரும். வெறும் கற்பனையில் இது வராது.

சாமியார் துப்பறிகிறார்

தமிழில் துப்பறியும் கதையைத் தொடங்கி வைத்தவர் அவர் அல்ல. ஜே.ஆர்.ரங்கராஜு 1908-ல் 'ராஜாம்பாள்' எழுதி, துப்பறியும் கோவிந்தனை உலவ விட்டிருந்தார். ஆரணி குப்புசாமி முதலியார், ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஆனந்தசிங் என்று பெயர் வைத்துத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்திருந்தார். வடுவூராரின் துப்பறிவாளர் வேறு மாதிரி. அவர் பெயர் திகம்பர சாமியார். சாமியார் என்றால் மூடிய கதவும் திறக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துப்பறிகிறவனுக்கு இதைவிட நல்ல வேஷம் வேண்டுமா? லண்டனிலிருந்து இரவல் வாங்க முடியாத ஆள் இவர். நம் மண்ணில்தான் முளைக்க முடியும்.

கதைகள் எல்லாம் அப்படியல்ல. இங்கிலாந்தில் ரெயினால்ட்ஸ் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். 1879-ல் இறந்தவர். நம் ஊரில் ஆங்கிலம் படித்தவர்கள் அவர் நாவல்களை விழுந்து விழுந்து படித்தார்கள். அவருடைய கதைகளை எடுத்து, ஆளையும் ஊரையும் மாற்றித் தமிழில் எழுதியவர்களில் வடுவூராரும் ஒருவர். இலக்கிய விமர்சகர்கள் அவரைத் தள்ளி வைத்ததற்கு இது ஒரு காரணம். குற்றச்சாட்டு நியாயமானது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படித்துப் பார்த்தால், அந்தக் கதைகளில் புழங்குவது தஞ்சாவூர் ஜில்லாவின் அக்கிரகாரமும் கச்சேரியும் ரெயிலடியும்தான். மாமியார், நாத்தனார் பேச்சைக் கேட்டால் நம் பக்கத்து வீட்டில் கேட்பது போலவே இருக்கும்.

பம்பாய்க்கு வந்த மேனகா

'மேனகா' அவருடைய நாவல்களில் பெரும் புகழ் பெற்றது. வராகசாமி என்ற வக்கீலின் மனைவி மேனகா. அவளுடைய தகப்பனார் டிப்டி கலெக்டர். பெருந்தேவி, கோமளம் என்று இரண்டு நாத்திமார். அவர்கள் செய்யும் கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் அவளை நைனா முகமது என்ற பணக்காரனிடம் பணத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே அவளைக் காப்பாற்றுவது யார் தெரியுமா? அவனுடைய மனைவி நூர்ஜஹான். வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர், கதையின் உத்தமமான பாத்திரமாக ஒரு முஸ்லிம் பெண்ணை வைத்தார். இது பலருடைய கண்ணில் படுவதில்லை.

கந்தசாமி முதலியார் இதை நாடகமாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் ஊர் ஊராக நடித்தார்கள். பிறகு படமாக எடுக்க முடிவாயிற்று. தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கு ரெயில் ஏறிய காலம் அது. டைரக்டர் ராஜா சாண்டோ, புதுக்கோட்டைக்காரர். தேகப்பயிற்சி வீரராக இருந்து பம்பாய் வந்து, ஊமைப் படங்களில் பெரிய நட்சத்திரம் ஆனவர். தாதரில் இருந்த ரஞ்சித் ஸ்டூடியோவில் 'மேனகா' உருவாகி, 1935-ல் வெளிவந்தது. என்.எஸ்.கிருஷ்ணன் அதில் நடித்தார். திருவல்லிக்கேணியில் எழுதிய கதைக்கு, மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில் விளக்குப் போட்டார்கள். இந்த ஊர்த் தமிழர்கள் உரிமை கொண்டாட வேண்டிய செய்தி இது.

எகிப்து மோகம்

பிற்காலத்தில் அவருக்கு வேறொரு ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது. தென்னாட்டு அய்யங்கார்களின் மூலத்தைத் தேடி எகிப்து வரைக்கும் போனார். காலால் அல்ல, ஏட்டால். ஆங்கிலத்தில் மிகப் பெரிய புத்தகம் ஒன்று எழுதி அச்சிட்டார். அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. கதையில் சின்னத் தடயத்தைக் கொண்டு குற்றவாளியைப் பிடிப்பது போலவே, சொல்லுக்குச் சொல் ஒலி ஒற்றுமையைப் பிடித்துச் சரித்திரத்தையும் பிடித்துவிடலாம் என்று எண்ணிவிட்டார் போலும். அந்த நேரத்தில் இன்னும் நாலு நாவல் எழுதியிருக்கலாம் என்பது என் ஆசை.

1942-ல் அவர் காலமானார். எட்டு ஆண்டு கழித்து, 1950-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' படத்தை எடுத்தது. வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுச் சாமியாராக வந்தவர் எம்.என்.நம்பியார்! பிற்காலத்தில் கதாநாயகர்களிடம் உதை வாங்கியே பேர் எடுத்தவர், இதில் வில்லன்களைக் கூண்டோடு பிடித்தார். ஆசிரியர் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

எதில் தொடங்குவது?

குறைகள் உண்டு. நடை நீளம். வடமொழிச் சொற்கள் அதிகம். கொலைகாரன் தப்பி ஓடும்போது ஆசிரியர் நம்மை உட்கார வைத்துப் பதிவிரதா தர்மம் போதிப்பார். அந்தப் பக்கங்களைக் கூச்சப்படாமல் தாண்டிப் போகலாம். கதை நம்மைக் கைவிடாது. ஊரில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட காலத்தில் எழுதியவை. அதனால் தமிழ்ப் படிப்பு அதிகம் இல்லாத நம் பிள்ளைகளுக்கும் வாய்விட்டுப் படித்தால் புரியும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பையனிடம் முதலில் இதைக் கொடுங்கள். பெரிய இலக்கியத்தைப் பிறகு கொடுக்கலாம்.

'கும்பகோணம் வக்கீல்' முதலில். சாமியார் வரும் கதை. சட்டநாதப் பிள்ளை என்ற வக்கீல் போல ஒரு வில்லனைப் பிடிக்க, சட்டம் தெரிந்த ஆசிரியரால்தான் முடியும். அடுத்தது 'மேனகா'. பிறகு சிரிப்புக்குத் 'திவான் லொடபடசிங் பகதூர்'. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மறுபதிப்புகள் வந்திருக்கின்றன.

'பூரணசந்திரோதயம்', 'சௌந்தரகோகிலம்' இரண்டும் பல பாகங்கள். படிப்பகத்துக்கு வாங்குகிற காரியதரிசிகள் எல்லாப் பாகங்களையும் ஒன்றாக வாங்குங்கள். ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகே அடுத்த பாகம் என்று விதி வையுங்கள். இரண்டாம் பாகத்தை எடுத்தவர் லீவில் ஊருக்குப் போய்விட்டால், முதல் பாகத்தை முடித்தவர் அலமாரி முன்னால் வந்து சண்டை போடுவார்.