கல்லில் மலர் வளர்த்த கலைஞர்

நூலொன்றைக் கையில் எடுத்ததும் அதன் ஆசிரியர் யாரென்று நாம் பார்க்கிறோம். அதிலுள்ள படங்களை வரைந்தவர் யாரென்று பெரும்பாலும் கேட்பதில்லை. தாவரவியலார் நன்கறிந்த, ஏனையோர் அதிகம் அறியாத ஓவியர் ஒருவரின் வரலாற்றை எம் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். அவர் பெயர் வோல்ற்றர் ஹூட் பிற்ச்.

இவர் 1817 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். இளமையில் சீத்தைத் துணிகளுக்குப் பூவேலை வரையும் தொழிலைப் பயின்றார். அந்நகரப் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியர் வில்லியம் ஜக்சன் ஹூக்கர், சிறுவனின் கைத்திறன் கண்டு தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். 1787 இல் தொடங்கப்பெற்ற கேர்ட்டிஸ் தாவரவியற் சஞ்சிகையில் பிற்ச்சின் முதற் படம் 1834 இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினேழு. ஹூக்கர் 1841 இல் இலண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளரானபோது பிற்ச்சும் உடன் சென்றார்.

முன்பு அச்சஞ்சிகையின் படங்கள் செப்புத் தகட்டிற் செதுக்கப்பட்டன. பின்னர் கல்லச்சு முறை வந்தது. வழவழப்பான சுண்ணக்கல்லில் கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து நீர் தடவுவர். வரைந்த இடத்தில் மட்டுமே மை பற்றும். அச்சில் இடம் வலமாக மாறுவதால் எல்லாவற்றையும் தலைகீழாக எண்ணி வரைதல் வேண்டும். பிற்ச்சோ, முன்வரைவு இன்றியே கல்லில் நேராக வரையும் ஆற்றல் பெற்றிருந்தார். அச்சான தாள்களுக்குப் பின்னர் கையால் வண்ணம் தீட்டப்பட்டது.

காய்ந்து சருகான செடியைக் கொடுத்தாலும் அது தோட்டத்தில் நின்ற கோலத்தை அவர் மீட்டு வரைந்தார். ஹூக்கரின் மகன் ஜோசப் இமயமலைச் சிக்கிம் பகுதியிலிருந்து அனுப்பிய குறிப்போவியங்களைக் கொண்டு, கியூவில் இருந்தபடியே றொடொடென்ட்ரன் மலர்களை வரைந்தார். அந்நூல் 1849 முதல் 1851 வரை வெளிவந்தது. 1851 இல் வெளியான விக்ரோரியா அல்லி ஓவியங்களும் அவரது கைவண்ணமே. பெந்தமின் பிரித்தானியத் தாவர நூலுக்கான மரச்செதுக்குப் படங்களையும் அவரே வரைந்தார்.

அவர் பெயரால் ஒரு தாவரப் பேரினம் பிற்ச்சியா என வழங்கப்படுகிறது. 1857 இல் லின்னேயன் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆயினும் உலை வைக்கப் பாராட்டு மட்டும் போதுமா? கியூவின் உத்தியோகத்தர் பட்டியலில் அவருக்கு இடமில்லை. 1877 இல் ஊதியம் தொடர்பாக ஜோசப் ஹூக்கருடன் பிணக்கு ஏற்பட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகளில் 2,700 இற்கு மேற்பட்ட படங்களை அளித்த சஞ்சிகையை விட்டு, தமது அறுபதாவது வயதில் அவர் விலகினார்.

எனினும் அவர் கோலைக் கீழே வைக்கவில்லை. எல்வெஸ் என்பார் எழுதிய லில்லி மலர் நூலுக்கான அரிய ஓவியங்கள் 1877 இற்கும் 1880 இற்கும் இடையில் வெளிவந்தன. 1880 இல் அரசு ஆண்டுக்கு 100 பவுண் ஓய்வூதியம் வழங்கியது. 1892 இல் அவர் காலமானார். வெளியான அவரது ஓவியங்கள் ஏறத்தாழ 10,000 ஆகும். கியூவில் உத்தியோகபூர்வ ஓவியர் பதவி 1898 இலேயே முதன்முதலாக மற்றில்டா சிமித் அம்மையாருக்குக் கிடைத்தது.

மாணவர்களே, உழைத்தவன் தன் உழைப்பின் பெறுமதியைக் கேட்பது பேராசை அன்று. அதனை உணர்ந்து அளிப்பது மற்றையோர் கடன். பிற்ச்சின் பெயர் பல படங்களின் அடியில் சிறிய எழுத்தில் உள்ளது. இனி ஓர் ஓவியத்தைக் காணும்போது அந்தச் சிறிய எழுத்தையும் வாசிக்கப் பழகுவோம்.