துப்பாக்கி மேதை ஜான் காரண்ட்

ஒரு பொருளை ஆக்குவது பெரிதா, அதனைப் பேணிக் காப்பது பெரிதா? லோகோ ஷெட்டில் எஞ்சினைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு மீண்டும் பூட்டும் கைகளை அறிந்த நம் காலனிவாசிகளுக்கு இவ்வினா புதிதன்று. பேணுதலின் அருமையை உணர்ந்து பொருளை ஆக்கிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

ஜான் காரண்ட் 1888-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கனடாவின் குயிபெக் மாகாணத்தில் ஒரு பெருங்குடும்பத்தில் பிறந்தார். அன்னை மறைந்தபின், குடும்பம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குடியேறிற்று. சிறுவர் நெசவாலையொன்றில் தரை பெருக்கினார்; அந்நாட்டு மொழியாகிய ஆங்கிலத்தையும் அங்கேயே கற்றார். பதினெட்டாம் வயதில் இயந்திரத் தொழிலாளியாக உயர்ந்தார். பிழைப்பின் பொருட்டுப் பிறமொழி வழங்கும் ஊருக்கு வந்த நமக்கு இது அந்நியமான கதையன்று.

முதல் உலகப் போரின்போது அவர் வகுத்த இயந்திரத் துப்பாக்கி போருக்கு உதவும் முன்னரே போர் முடிந்துவிட்டது. எனினும் அவரது திறமையை உணர்ந்த அரசாங்கம் 1919-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் அவரை அமர்த்திற்று. பல்லாண்டுச் சோதனைகளுக்குப் பின், 1936-இல் அவரது எம்-1 துப்பாக்கியை ராணுவம் ஏற்றது. அதுவரை ஒவ்வொரு முறை சுட்டபின்பும் வீரன் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியிருந்தது. இதிலோ, வெடித்த மருந்தின் ஆவியே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள, அடுத்த தோட்டா தானே ஏறும். ஒரு கோப்பில் எட்டுத் தோட்டாக்கள்.

அந்த ஆவியே கரியையும் விட்டுச் செல்லும். அக்காலத் தோட்டாக்களின் தீமூட்டி மருந்து குழலில் உப்பைப் படியச் செய்யும். உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஈரம் துருவை வளர்க்கும். ஆகவே சுட்டபின் தூய்மை செய்தல் இன்றியமையாதது. முதலில் உள்ளே தோட்டா இல்லையென்பதை உறுதி செய்ய வேண்டும். அப்போது போல்ட் சட்டென முன்பாய்ந்து கட்டைவிரலை நசுக்கிவிடுவதும் உண்டு. பின்னர் விசைக்காப்பை இழுத்துத் திறந்தால் விசைப்பகுதி, மரப்பகுதி, குழற்பகுதி என மூன்றாகப் பிரியும். குழலை நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி, பிரித்த முறைக்கு எதிர்முறையில் பூட்ட வேண்டும். இம்மூன்றையும் பிரிக்கத் திருப்புளியும் வேண்டாம், சுத்தியும் வேண்டாம். சேற்றில் களைத்துக் கிடக்கும் வீரனுக்குத் தச்சன் பட்டறை ஏது?

இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்-1 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. துப்பாக்கி ஒன்றுக்கு ஒரு காசு பெற்றிருப்பினும் அவர் செல்வந்தராயிருப்பார். அவரோ தம் உரிமைகளனைத்தையும் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தார். மாதச் சம்பளத்தோடு அமைந்தார். இலட்சம் டாலர் பரிசளிக்கக் கொணரப்பட்ட மசோதாவும் நிறைவேறவில்லை. 1944-இல் அரசாங்கத்தின் பதக்கம் கிடைத்தது. 34 ஆண்டுச் சேவைக்குப் பின் 1953-இல் ஓய்வு பெற்று, 1974-இல் அவ்வூரிலேயே மறைந்தார். 1968-இல் மூடப்பட்ட ஆயுதசாலை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

படைக்கலம் உயிர் கொல்வது. அதனைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயின், பயன்படுத்துவோனின் கையை எண்ணிப் பொருளை வகுத்த அந்த உழைப்பாளியின் நினைவு, சம்பளத்துக்கு உழைத்து ஓய்வு பெறும் நம் போன்றோர் போற்றத்தக்கதேயாம்.