வைத்தியரும் படைவீரருமான ஜான் மக்ரே

கலாசாலையிற் பயிலுங்கால் இராணுவப் பயிற்சியையும் வைத்தியக் கல்வியையும் ஒருங்கே மேற்கொள்ளுதல் இயலுமோ என ஐயுறுவார் நம் மாணவருள்ளும் உளர். அங்ஙனம் மேற்கொண்ட ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். பிளாண்டர்ஸ் வயல்களைப் பற்றிய சிறு பாடலொன்றால் உலகறியப்பெற்ற ஜான் மக்ரே என்பாரே அவர்.

அன்னார் 1872-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள குவெல்ப் என்னும் ஊரிற் பிறந்தார். பதினான்காம் வயதில் மாணவர் படையிற் சேர்ந்த அவர், பின்னர்த் தந்தையார் தலைமை தாங்கிய பீரங்கிப் படையிலும் புகுந்தார். கிங்ஸ்டன் நகரத்து இராணுவக் கலாசாலையிற் பீரங்கிப் பயிற்சியும் பெற்றார். டொரான்டோ சர்வகலாசாலையிற் பயின்று வருகையில் சுவாசகாசம் வருத்தவே, ஓராண்டு படிப்பை நிறுத்த நேர்ந்தது. 1894-இல் பட்டம் பெற்றபின் வைத்தியம் பயிலலாயினார். செலவுக்குப் பொருள் வேண்டிப் பிறர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார்; அவரிடங் கற்ற மாதர் இருவர் ஒண்டாரியோவின் முதற் பெண் வைத்தியர் வரிசையில் இடம் பெற்றனர். இத்தனைக்கும் இடையே 'க்வீன்ஸ் ஓன் ரைபிள்ஸ்' என்னும் படையிலும் பணியாற்றிக் காப்டன் ஆயினார். 1898-இல் வைத்தியப் பட்டத்தோடு பொற்பதக்கமும் எய்தினார். நேரத்தைப் பங்கிட்டுக் கொள்ளுதல் ஒருவாறு கூடும். உள்ளத்தைப் பங்கிடுதல் எங்ஙனமென்பதே எமக்கு வியப்பு.

அவ்வுள்ளம் பீரங்கியின் பக்கமே சாய்ந்தது போலும். மக்கில் சர்வகலாசாலை நோய்க்கூற்று ஆராய்ச்சிக்கென அளித்த உதவிச் சம்பளத்தைத் தள்ளிவைத்து, தென்னாப்பிரிக்க யுத்தத்திற்கு அவர் சென்றது வைத்தியராகவன்று, பீரங்கிப் படை அதிகாரியாகவே. திரும்பிய பின் மான்ட்ரியாலில் வைத்தியராகவும் ஆசிரியராகவும் பெயர் பெற்றார்.

1914-இல் மகாயுத்தம் மூண்டபொழுது அவர்க்கு வயது நாற்பத்தொன்று. பீரங்கிப் பிரிவொன்றின் வைத்திய அதிகாரியாக அவரை நியமித்தனர். இளமையிற் கற்ற இரண்டும் ஒன்றுகூடிய இடம் அதுவே. 1915-இல் ஈப்பர் நகரருகே, பகைவர் நச்சுப்புகை விடுத்த அக்கொடும் போரில், கால்வாய்க் கரையிற் குடைந்த குழியில் புண்பட்டோர்க்குப் பதினேழு நாள் சிகிச்சை செய்தார். மே 2-ஆம் நாள் அவர்தம் நண்பராகிய அலெக்ஸிஸ் ஹெல்மர் என்னும் இளம் அதிகாரி குண்டுபட்டு மாண்டார். பாதிரியார் அருகில் இல்லாமையால் அடக்கச் சடங்கை மக்ரேயே நடத்தினார். மறுநாள் எழுதிய பாடலே அவர்க்கு அழியாப் புகழை ஈந்தது.

ஜூன் மாதத்தில், பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்த இராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். வைத்தியருக்கு ஏற்ற இடந்தான். எனினும் பீரங்கிப் படையினரைப் பிரிந்தமை அவரைப் பெரிதும் வருத்தியது. போர்முனையிலுள்ளாரைப் போலத் தாமும் கூடாரத்திலேயே உறைவேனென்று பிடிவாதஞ் செய்தார். சுவாசகாசமுடையார்க்கு இது தகுமோ? வைத்தியரான அவர் அறியாததன்று.

1918-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் நிமோனியாவால் உயிர் நீத்தார். விமரூவில் நிகழ்ந்த இறுதி ஊர்வலத்தில், 'பான்பயர்' என்னும் அவரது குதிரையை, தலைவனை இழந்தமைக்கு அடையாளமாக அவர்தம் காலணிகளை அங்கவடியிற் பின்புறம் திருப்பி வைத்து, நடத்திச் சென்றனர்.