கூலியில்லாப் பேராசிரியை

வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்க மறுக்கும் முதலாளிகளை நாம் அறிவோம். நம் தோழர்களில் அவர்களிடம் ஏமாறாதவர் குறைவு. ஆனால் ஒருவரிடம் 15 ஆண்டுகள் கூலியின்றி வேலை வாங்கிய பல்கலைக் கழகங்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? அதுவும் அறிவுக்குத் தலைநகரம் என்று உலகமே புகழ்ந்த ஜெர்மனியில்! அப்படி உழைத்தவர் எம்மி நோதர் அம்மையார். கணிதம் பயிலும் கல்லூரி மாணவன் எவனும் இன்று இவர் வகுத்த பாதையில் நடக்காமல் பட்டம் பெற முடியாது.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், தோழர்களே! இது கணக்கின் கதை மட்டுமல்ல. கதவைச் சாத்தியவர்களின் கதை. சாத்திய கதவுக்கு வெளியே நின்றுகொண்டே வீட்டைக் கட்டி முடித்தவரின் கதை.

1882 மார்ச் 23இல் எர்லாங்கன் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் அம்மையார். தந்தை மாக்ஸ் நோதர் அவ்வூர்ப் பல்கலைக் கழகத்தில் கணிதப் பேராசிரியர். பெண் பிள்ளைக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்றுக் கொடுக்கும் ஆசிரியை வேலை போதும் என்பது அக்கால வழக்கு. அந்தத் தேர்விலும் 1900இல் அவர் தேறினார். ஆனால் மனம் கணக்கில் இருந்தது. பெண்களைச் சேர்த்தால் கல்விக் கூடத்தின் ஒழுங்கே குலைந்துவிடும் என்று எர்லாங்கன் பெரியவர்கள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தீர்மானம் போட்டிருந்தார்கள். எனவே ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டு, பெயர்ப் பதிவு இல்லாமல், ஓரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய நிலை. அங்கே இருந்த 986 மாணவர்களில் பெண்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர் இவர்.

பவேரிய அரசு கதவைத் திறந்த பின், 1904இல் முறைப்படி மாணவியாகச் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், 1907இல், டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். அந்த ஆய்வு முழுதும் நீண்ட நெடுங்கணக்கு. 331 கோவைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு அடுக்கி வைத்தது. பிற்காலத்தில் அதை அவரே குப்பை என்று ஒதுக்கினார். தம் முதல் வெற்றியைத் தாமே குப்பை என்று சொல்லக் கூடியவர்கள் எத்தனை பேர்!

பட்டம் கிடைத்தது. வேலை? 1908 முதல் 1915 வரை எர்லாங்கனிலேயே ஆராய்ந்தார். உடல் நலம் குன்றிய தந்தைக்குப் பதிலாக வகுப்பும் எடுத்தார். பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. சோறு போட்டது குடும்பம்.

1915இல் கோட்டிங்கன் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் ஹில்பர்ட், கிளைன் என்ற இரு பெருங் கணித மேதைகள். ஐன்ஸ்டீனின் புதிய கொள்கையில் எழுந்த ஒரு சிக்கல் அவர்களைக் குடைந்துகொண்டிருந்தது. அதை அவிழ்க்க இந்த அம்மையாரின் கை வேண்டியிருந்தது. ஆனால் பாடம் சொல்லும் உரிமையை அவருக்குத் தர வேண்டும் என்றதும் மொழிப் பேராசிரியர்களும் வரலாற்றுப் பேராசிரியர்களும் குறுக்கே விழுந்தார்கள். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் உட்கார்ந்து படிப்பதா என்று கேட்டார்களாம். பேரவை ஒன்றும் குளிக்கும் துறையல்லவே, ஆண் பெண் பார்ப்பதற்கு என்று ஹில்பர்ட் இடித்துரைத்தார் என்பது எங்கும் வழங்கும் கதை. இடித்துரைத்தும் பயனில்லை.

பிறகு என்ன செய்தார்கள்? வகுப்பு ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டது. நோதர் அம்மையார் உதவியாளர் என்று கீழே ஒரு வார்த்தை. திங்கட்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை, கட்டணம் கிடையாது. நின்று பாடம் சொன்னவர் அம்மையார். வருகைப் பட்டியலில் ஒருவர் பெயர், இயந்திரத்தின் முன் இன்னொருவர் என்பது நம் ஆலைகளில் பலருக்குப் பழக்கமான காட்சிதானே? ஹில்பர்ட் நல்ல மனத்தோடு செய்த உபாயம் இது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும், ஒருவரின் உழைப்பு வெளிச்சத்துக்கு வர இன்னொருவரின் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்ததே, அது அந்தக் கல்விக் கூடத்துக்கு நேர்ந்த தலைக்குனிவு அல்லவா?

அந்த இரவல் பெயரின் நிழலில் இருந்துகொண்டுதான் 1918இல் இயற்கை விஞ்ஞானத்தையே உலுக்கிய தேற்றத்தைத் தந்தார். ஒரு சோதனையை இன்று செய்தாலும் நாளை செய்தாலும் இயற்கையின் விதி ஒன்றே. அந்த மாறாமையிலிருந்தே சக்தி அழியாது என்ற உண்மை பிறக்கிறது. இங்கே செய்தாலும் அங்கே செய்தாலும் விதி ஒன்றே. அதிலிருந்து இயக்கத்தின் அளவு அழியாது என்பது பிறக்கிறது. தனித்தனி உண்மைகள் என்று நினைத்திருந்தவற்றுக்கெல்லாம் வேர் ஒன்று என்று காட்டினார். அந்தக் கட்டுரையைக்கூட அறிஞர் கழகத்தில் கிளைன்தான் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. அம்மையார் அதில் உறுப்பினர் அல்லர்.

1918 நவம்பரில் ஜெர்மனியின் தொழிலாளரும் படைவீரரும் கிளர்ந்தெழுந்தனர். கைசர் முடியைப் போட்டுவிட்டு ஓடினான். பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அதன் பிறகே, 1919இல், பாடம் சொல்லும் உரிமை அம்மையாருக்குக் கிடைத்தது. பேரவைப் பெரியவர்களின் மனம் தானாக இளகிவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்வோம். அம்மையாரும் அந்நாளில் சில ஆண்டுகள் சமூக ஜனநாயக இயக்கத்தில் உறுப்பினராக இருந்தார். 1922இல் ஒரு பேராசிரியர் பட்டம் சூட்டினார்கள். சம்பளம் இல்லாத பட்டம்! 1923இல்தான் இயற்கணிதம் கற்பிக்கச் சிறு தொகை ஒதுக்கினார்கள். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எர்லாங்கனில் 7 ஆண்டுகள், கோட்டிங்கனில் 8 ஆண்டுகள்; கூட்டிப் பாருங்கள், 15.

அவர் வகுப்பில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்? பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அளந்து பார்த்துத் தேய்ப்பான். கைதேர்ந்த மேஸ்திரி இணைப்பு எப்படி அமைகிறது என்ற சூட்சுமத்தைப் பிடித்துவிடுவார். பிறகு எந்தத் துண்டு வந்தாலும் கவலையில்லை. எண்களையும் கோவைகளையும் கணக்கிட்டுக்கொண்டே போன கணிதத்தை, அவற்றின் இணைப்பு என்ன என்று பார்க்கும்படி திருப்பியவர் இவர். கூட்டவும் பெருக்கவும் இடம் தரும் அமைப்புக்கு வளையம் என்று பெயர். 1921இல் அவர் எழுதிய கட்டுரை, எந்த வளையங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்துகொண்டே போகும் தொகுதிகளின் வரிசை முடிவில்லாமல் போகாது, ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதை வைத்தே பல பெரிய முடிவுகளை ஒரே வீச்சில் நிறுவியது. அப்படிப்பட்ட வளையங்களுக்கு இன்று உலகெங்கும் அவர் பெயர்தான்.

அவர் பேச்சு வேகம். குறிப்பு கையில் இராது. கொண்டை அவிழ்வதும் தெரியாது. புதிதாக வந்தவர்கள் திணறிப் போனார்கள். பொறுத்து இருந்தவர்களோ ஆசிரியர் யோசிக்கும்போதே கூட யோசிக்கக் கற்றார்கள். ஒரு விடுமுறை நாளில் கட்டடம் பூட்டிக் கிடந்தது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டு வழியே நடந்து, ஒரு காப்பிக் கடையில் பாடத்தை முடித்தார். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். 1928-29 குளிர்காலத்தில் மாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பாடம் சொன்னார். ஆலந்து நாட்டு இளைஞர் வான் டெர் வேர்டன் அவரிடமும் ஆர்ட்டினிடமும் கேட்ட பாடங்களை வைத்து 1930, 1931இல் இயற்கணித நூலை இரண்டு பாகமாக வெளியிட்டார். நூலின் முகப்பிலேயே அதைச் சொன்னார். பல்கலைக் கழகங்களின் பாடத்திட்டம் அந்த நூலைப் பார்த்தே மாறியது. தம் கருத்தை மாணவர் தம் பெயரில் எழுதினாலும் அம்மையார் வருந்தியதில்லை. இவ்வளவு தாராளம் தேவைதானா என்று நமக்குத் தோன்றுகிறது, அவருக்குத் தோன்றவில்லை.

நாஜி வெறி தலைதூக்கியது. மார்க்சியச் சாய்வுள்ள யூதப் பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் இருக்க மாட்டோம் என்று சில மாணவர்கள் சொல்ல, அவர் குடியிருந்த விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். 1933 ஏப்ரலில் ஹிட்லர் ஆட்சி புதுச் சட்டம் போட்டு அவரை வேலையிலிருந்து நிறுத்தியது; செப்டம்பரில் 1919இல் பெற்ற உரிமையும் பறிக்கப்பட்டது. அம்மையார் அழவில்லை, ஆர்ப்பரிக்கவும் இல்லை. மாணவர்களை வீட்டுக்கு வரச் சொல்லி அங்கே பாடம் நடத்தினார். ஒரு மாணவன் நாஜிப் படையின் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் சொல்லிக் கொடுத்தார்! நம்மால் முடியுமா? நமக்கு ஐயந்தான்.

மாஸ்கோவில் இடம் தேட நண்பர் அலெக்ஸாந்திரோவ் முயன்றார். அலுவலகக் காகிதங்கள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. அதற்குள் அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரி அழைத்துக்கொண்டது. அங்கே ஒரு சிறு வட்டம் மாணவிகள், வாரம் ஒரு முறை பிரின்ஸ்டனில் சொற்பொழிவு.

1934 கோடையில் கோட்டிங்கன் வந்து தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பினார். அவர் தம்பி பிரிட்ஸ் நோதரும் கணித அறிஞர். அவரும் வேலை பறிக்கப்பட்டு, சைபீரியாவின் டோம்ஸ்க் நகரப் பேராசிரியராகப் புறப்பட்டார். நாஜிகளிடமிருந்து தப்பியவர் அங்கே தப்பவில்லை. 1937இல் கைது செய்யப்பட்டு, 1941இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று சோவியத் உச்ச நீதிமன்றம் அறிவித்தது 1988இல். இதையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

அக்காள் அதைக் காண இல்லை. 1935 ஏப்ரலில் கட்டிக்காக அறுவை செய்தார்கள், தேறுவதாகவே தோன்றியது, திடீரென்று காய்ச்சல் ஏறி, 14ஆம் நாள் உயிர் பிரிந்தது. வயது 53. பிரின் மார் கல்லூரி நூலகத்தை ஒட்டிய நடைக்கூடத்தின் தளத்தின் கீழ் அவருடைய சாம்பலைப் புதைத்திருக்கிறார்கள்.